பூசணி பியருக்கு நின்ற வரிசை

டெஸ்ஸாவின் குழாயிலிருந்து பியர் நூலாக இறங்கியது. அப்புறம் வெறும் நுரை. அப்புறம் அதுவும் இல்லை.

லுத்தரன் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் அறுப்பின் பண்டிகை விருந்து. நீள மேசையில் இரண்டு எஃகுப் பீப்பாய்கள். இரண்டிலும் வீட்டில் காய்ச்சிய பூசணி பியர். டெஸ்ஸாவின் பீப்பாய்க்கு முன்னால் இருபது பேர் கோப்பையோடு நின்றார்கள்.

மார்லிஸின் பீப்பாய்க்கு முன்னால் மார்லிஸ் மட்டும் நின்றாள்.

பதினோரு வருடங்களாக இந்த விருந்துக்கு அவள்தான் பியர் காய்ச்சுகிறாள். பூசணியை ஓரம் கருகும்வரை சுட்டு மசிப்பாள். கூழ் அடைத்துக்கொள்ளாமலிருக்க உமி கலந்து, முளைகட்டிய பார்லி மால்ட்டோடு வெந்நீரில் ஊறவைப்பாள். கடைசியில் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய். விஸ்கான்சினில் அந்த ஊரில் முந்நூறு பேர். வருடத்தில் இந்த ஒரு மதியம்தான் அவர்களில் பாதிப் பேராவது அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். மற்ற நாட்களில் அவளைக் கூப்பிட யாருக்கும் ஒரு காரியமும் இருந்ததில்லை.

டெஸ்ஸா இந்த வசந்தத்தில்தான் குடிவந்தாள். பாட்டுக்குழுவில் சேர்ந்தாள். போன மாதம், "நானும் வீட்டுல கொஞ்சம் காய்ச்சுவேன்" என்றாள்.

அந்தக் கொஞ்சத்தை மார்லிஸ் இன்று ஒரு மிடறு குடித்துப் பார்த்தாள்.

முதலில் சுட்ட ரொட்டியின் வாசனை. பிறகு பூசணி. விழுங்கி முடித்த பிறகுதான் பட்டை, யாரோ கதவருகே வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனதுபோல. மார்லிஸின் பியரிலோ கிராம்பு வாசலிலேயே நின்று சண்டை பிடிக்கும். அது அவளுக்கே தெரியும். ஒருவரும் சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான்.

போதகர்கூட இரண்டாவது கோப்பைக்கு அங்கேதான் போனார்.

இப்போது அங்கே எல்லோரும் காலிக் கோப்பையோடு நின்றார்கள். பால்பண்ணைக்காரர் வெர்னன் குழாயை ஆட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, மடி வத்துன மாடு மாதிரி! பியரைத் தள்ளுற கேஸ் தீந்துருக்கும். தள்ளு, கீழ குனிஞ்சு பாத்துடறேன்."

"யாரும் தொடாதீங்க. நானே பாத்துக்கறேன்" என்றாள் டெஸ்ஸா.

சொன்னாளே தவிர, அவள் குனியவில்லை. ஈரத்துணியால் குழாயைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். முகம் சிவந்திருந்தது.

மேசைக்கடியில் இருக்கிற கேஸ் சிலிண்டரைப் பார்க்கக்கூடத் தெரியவில்லை இவளுக்கு என்று நினைத்தபோது மார்லிஸின் நெஞ்சுக்குள் வெல்லம் கரைந்தது.

வரிசை கலைந்தது. வெர்னன் கோப்பையை நீட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். பின்னாலேயே ஏழெட்டுப் பேர்.

"என்ன மார்லிஸ், பழைய வீட்டுக்கே திரும்பி வந்துட்டோம். வாசல்லயே நிறுத்திடாத, ஊத்து."

அவள் ஊற்றினாள். விளிம்பு வரை ஊற்றினாள்.

வெர்னன் ஒரு வாய் குடித்தார். கிராம்பு பட்டதும் அவர் இடது கண் லேசாகச் சுருங்கியது. உடனே அதைச் சரிசெய்துகொண்டு, "நல்லாருக்கு, எப்பவும்போல" என்று தலையாட்டினார்.

எப்பவும்போல.

பதினோரு வருடமும் அந்தக் கண் சுருங்கித்தான் இருக்கிறது. பதினோரு வருடமும் அந்தத் தலை ஆடித்தான் இருக்கிறது. அவருக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோருடைய தலைகளும். பியருக்காக அல்ல, அவளுக்காகக் குடித்திருக்கிறார்கள். ஒருவர்கூட அதை அவள் காதில் போட்டதில்லை.

அடுத்த கோப்பையை நிரப்பும்போது நிமிர்ந்து பார்த்தாள். எதிரே டெஸ்ஸா இன்னும் அதே குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பொறாமை ஓடி வரும். வெட்கம் நடந்துதான் வரும். ஆனால் வந்துவிடும்.

மார்லிஸ் கோப்பையை வைத்துவிட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

"கொஞ்சம் நகரு டெஸ்ஸா."

முழங்கால் சொடுக்க மண்டியிட்டாள். மேசைவிரிப்பைத் தூக்கிக் கையை உள்ளே விட்டாள். கை தேடவில்லை. சிலிண்டரின் திருகு எங்கே இருக்கிறது, எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

கால் மணி நேரத்துக்கு முன், போதகர் சாப்பாட்டுக்கு ஜெபம் செய்தபோது, எல்லோரும் தலைகுனிந்து கண்மூடி நின்றார்கள். மார்லிஸ் மட்டும் இன்னும் சற்றுக் கீழே குனிந்திருந்தாள். திருகை மூடினாலும் உள்ளே இருக்கிற காற்றுக்கு நாலு கோப்பை வரும், பிறகு நின்றுவிடும் என்பது பியர் காய்ச்சுகிற யாருக்கும் தெரிந்ததுதான்.

இப்போது அதை இடப்பக்கமாகத் திருப்பினாள். ஸ்ஸ் என்று ஒரு மூச்சு.

மேலே குழாயில் பியர் பொங்கி வந்தது. கூடம் கைதட்டியது.

"மார்லிஸ்னா மார்லிஸ்தான்!" என்று வெர்னன் கத்தினார். "பார்த்தீங்களா, இதுதான் சகோதர அன்பு" என்றார் போதகர். ஒவ்வொரு கைத்தட்டலும் அவளுடைய கன்னத்தில் விழுந்தது. எழுந்திருக்க மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

டெஸ்ஸாதான் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். முதல் கோப்பையை நிரப்பி அவளுடைய கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது காதருகே குனிந்தாள்.

"ஜெபத்துல நான் கண்ணை மூடலை மார்லிஸ். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."