சம்பந்தி வீட்டுப் பந்து

“அவரு எப்படி வீசுவாருன்னு சொல்லுங்க சார். வேகமாவா, மெதுவாவா?”

திருச்சியில் விளையாட்டுச் சாமான் கடைக்காரர் இப்படிக் கேட்டதும் அங்கமுத்துவுக்கு வியர்த்துவிட்டது. உடையார்பாளையத்து முந்திரி வியாபாரி அவர். கொட்டையைக் குலுக்கியே உள்ளே பருப்பு எப்படி என்று சொல்லிவிடுவார். அதே பழக்கத்தில் கோல்ஃப் பந்தையும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்திருந்தார். அது வாயே திறக்கவில்லை.

ஆளுக்குத் தகுந்த மாதிரிதான் பந்து என்றார் கடைக்காரர். மட்டையை மெதுவாக வீசுகிறவருக்கு உள்ளே இளக்கமான பந்து, ஓங்கி அடிக்கிறவருக்குக் கல்லு மாதிரி இறுக்கமானது, குழிக்குப் பக்கத்தில் நின்று நாசூக்காகத் தட்டுகிறவருக்கு மேல்தோல் மெத்தென்று இருப்பது. இதில் சம்பந்தி எந்த ரகம்?

ஒரு பந்துக்கா இந்தப் பாடு என்று கேட்பீர்கள். மகள் அனிதாவின் கல்யாணமே அந்தப் பந்தோடுதான் உருண்டுகொண்டிருந்தது.

போன மாதம் பெரம்பலூருக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார்கள். மாப்பிள்ளையின் அப்பா சாமிதுரை ரிட்டயரான சர்வேயர். அவருடைய தம்பி துபாயில் இருப்பதால் பெரிய இடம் என்று பெயர். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கும்பிட்டு வரவேற்றார். பேச்சு நல்லபடியாக முடிந்து, சம்மதம் என்பதற்கு அடையாளமாக அந்த வீட்டில் கை நனைக்க எல்லாரும் எழுந்தார்கள். அப்போது அங்கமுத்துவின் கால், சாமிதுரையின் நாற்காலிக்கு அடியில் கிடந்த வெள்ளைப் பந்தில் பட்டுத் தொலைத்தது. அது உருண்டு, வாசற்படியில் குதித்து, தெருச் சாக்கடையில் விழுந்து, மழைத்தண்ணீரோடு போயே போய்விட்டது.

“அப்பாவோட கோல்ஃப் பந்துங்க மாமா. சித்தப்பா துபாய்லேருந்து குடுத்துவிட்டது,” என்றான் மாப்பிள்ளை அறிவழகன்.

பரவாயில்லை என்றார் சாமிதுரை. ஆனால் முகம் விழுந்துவிட்டது. இவர்கள் கிளம்பும்போது வாசல் வரை வரக்கூட அவர் எழுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை தேதி குறிக்க வருவதாகச் சொன்னவர்கள் அந்த வெள்ளிக்கும் வரவில்லை, அடுத்த வெள்ளிக்கும் வரவில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டால், அப்பா இப்போது அங்கே வருகிற நிலைமையில் இல்லை என்று மாப்பிள்ளை மென்று விழுங்கினான்.

தெருவுக்கு இதைவிட என்ன வேண்டும்? குழாயடியில் முதல் குடம் நிறைவதற்குள், கால் பட்டது எட்டி உதைத்ததாகிவிட்டது. கடைசிக் குடத்துக்குள் அங்கமுத்து சம்பந்தியையே உதைத்துவிட்டார்.

“பந்தைத் தொலைச்ச காலுதானே, அதே காலால போயி வேற வாங்கிட்டு வாங்க,” என்றாள் மனைவி இருசம்மாள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. சம்பந்தி வீட்டில் பாத்திரம் தேய்க்கிற செல்லக்கண்ணுவை அவள் ஊரான குரும்பலூருக்கே போய்ப் பிடித்தாள். நேராகக் கேட்டால் விஷயம் வெளியே போய்விடுமாம். அது ஏற்கெனவே ஜெயங்கொண்டத்தைத் தாண்டியிருந்தது. சுற்றி வளைத்து விசாரித்ததில் கிடைத்தது இவ்வளவுதான்: பெரியவர் தினம் ரெண்டு வேளையும் பந்தை எடுத்துவிடுவார், எல்லாம் ஹாலுக்குள்ளேயேதான், மெதுவாகத்தான், ஆனால் அழுத்தம் ஜாஸ்தி.

அங்கமுத்து அதைக் கடைக்காரரிடம் அப்படியே ஒப்பித்தார்.

“ஹாலுக்குள்ளயா?” கடைக்காரர் நெற்றியைச் சொறிந்தார்.

“பெரிய எடம். கம்பளம் விரிச்சுத் தட்டுவாங்களா இருக்கும்.”

மெதுவாக அடிக்கிறவர் என்றால் இளக்கமான பந்துதான் சரி, இறுக்கமானது கைக்கு அதிரும் என்றார் கடைக்காரர். ஆனால் அழுத்தம் ஜாஸ்தி என்றாளே, அதை என்ன செய்வது? அங்கமுத்து யோசித்தார்.

“கடிச்சுப் பாக்கலாமுங்களா?”

கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிமேல் ரெண்டையும் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார். வியாபாரி மனசு, திடமாக ஒலித்தது எதுவோ அதைத்தான் நம்பியது. இறுக்கமானதையே வாங்கினார். பஸ்ஸில் அதை எடுத்து எடுத்து அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். இளக்கமானதையே எடுத்திருக்கலாமோ?

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் பெரம்பலூரில் இறங்கினார்கள். வெற்றிலை பாக்கு, பூ, பழத்தட்டு. தட்டின் நடுவில், சந்தனமும் குங்குமமும் வைத்த கோல்ஃப் பந்து. எல்லாம் இருசம்மாளின் கைங்கரியம். சாமிதுரை அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் எழுந்திருக்கவில்லை. இருசம்மாள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

அங்கமுத்து தட்டை நீட்டினார். “அன்னிக்கு நடந்ததை மனசுல வச்சுக்காதீங்க. கடைக்காரரு இளக்கமானதைத்தான் எடுக்கச் சொன்னாரு. நான்தான் இறுக்கமானதா எடுத்துட்டேன். உங்க ஆட்டத்துக்கு ஒத்து வருமான்னு தெரியல.”

“ஆட்டமா?”

சாமிதுரை மகனைப் பார்த்தார். மகன் ஃபேனைப் பார்த்தான்.

பெரியவர் பந்தை எடுத்தார். பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார். துண்டால் குங்குமத்தைத் துடைத்தார். பிறகு அதைத் தரையில் வைத்து, வலது குதிகாலை அதன்மேல் ஊன்றி, மெதுவாக அழுத்தி உருட்ட ஆரம்பித்தார்.

“அப்பாடா...” கண்கள் சொருகின. “கோல்ஃப் மட்டையை நான் கண்ணால கூடப் பாத்ததில்லைங்க சம்பந்தி. குதிகால் வலிக்கு இதை உருட்டுறதுதான் மருந்து. ரப்பர் பந்து நசுங்கிப் போவுது, இது இல்லாம காலைத் தரையில வைக்க முடியல. பொண்ணு வூட்டுக்கு நொண்டிக்கிட்டே வந்து தேதி குறிச்சா நல்லாவா இருக்கும்னுதான் வரல. வர்ற வெள்ளிக்கிழமை வந்துடுறேன்.”