துணைக்கு வந்தவர்

"அத்தான், நான் குடிக்கிறேன். விட முடியல."

மச்சான் இப்படிச் சொன்னதும் வெல்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மனைவி பெண்ணைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. அவள் தம்பி வாசலில் வந்து நின்றபோது, சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று வெல்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தயாராகத்தான் இருந்தார்.

"நீயா? ஸ்கூல் வேன் ஓட்டுறவன்டா நீ!"

"வண்டி ஓட்டுற நேரத்துல தொடமாட்டேன் அத்தான். வீட்ல யாருக்கும் தெரியாது. குடியை விடணும்னு நினைக்கிறவங்க உக்காந்து பேசுற கூட்டம் ஒண்ணு இருக்காம். நாலு பேர்கிட்ட விசாரிச்சுக் கண்டுபிடிச்சேன். தையல் கடை மாடியில, புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு. தனியாப் போகக் கூச்சமா இருக்கு. துணைக்கு வாங்களேன்."

"உங்க அக்கா என்னடான்னா என்னையே குறை சொல்லிட்டுத் திரியுறா. சரி, வர்றேன். வேடிக்கை பாத்த மாதிரி இருக்கும்."

மாடியில் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். கூட்டத்தை நடத்தியவர் ஒரு மருந்துக்கடைக்காரர். யாரையும் பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.

மச்சான்தான் முதலில் எழுந்தான்.

"காலையில கை நடுங்கும். ஒரு வாய் ஊத்தினாத்தான் நிக்கும். அதை யாரும் பாத்துடக் கூடாதுன்னு, பேசும்போதெல்லாம் கையைப் பாக்கெட்டுல விட்டுக்குவேன்."

வெல்டர் பாக்கெட்டிலிருந்து கையை மெல்ல வெளியே எடுத்தார்.

மறுநாள் பட்டறையில் டீ நேரம். வெல்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"யோக்கியன் மாதிரி திரிவானே என் மச்சான், அவனும் நம்ம கட்சிதான்யா!"

எல்லோரும் சிரித்தார்கள். லேத் ஓட்டுகிறவர் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய மகள் அந்த வேனில்தான் பள்ளிக்கூடம் போகிறாள்.

பத்தே நாளில் மச்சானுக்கு வேலை போய்விட்டது. பெற்றோர்கள் கூட்டமாகப் போய் நின்றார்களாம். அவன் ஒரு குடோனில் மூட்டை தூக்கப் போனான்.

யார் சொல்லியிருப்பார்கள் என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. புதன்கிழமை ஐந்தரைக்கு வாசலில் வந்து நின்றான்.

"போலாமா அத்தான்?"

வெல்டரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வாரம் தவறாமல் போனார்கள். ஏழாவது வாரம், யாரும் கூப்பிடாமலே வெல்டர் எழுந்தார்.

"நானும்தாங்க."

சொன்ன வேகத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தார். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னார். பெண்ணின் பிறந்தநாளுக்கு வாங்கின பொம்மையை எந்தக் கடையில் விட்டு வந்தோம் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை என்பதையும்.

நடுவில் ஒரு தடவை சறுக்கினார். இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. மச்சான் வெளிப்படியில் உட்கார்ந்தே இருந்தான்.

"நீங்க வரலைன்னா நானும் போகமாட்டேன் அத்தான். அப்புறம் என் கதி?"

கதவு திறந்தது.

அதற்குப் பிறகு நான்கு மாதம் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. மனைவி பெண்ணையும் கூட்டிக்கொண்டு இரண்டு பைகளோடு திரும்பி வந்தாள். ஒரு பையை மட்டும் பிரிக்காமல் ஓரமாக வைத்தாள். வெல்டர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துவிட்டுத்தான் நம்புவாள், நம்பட்டும்.

ஆனால் மச்சானின் வேலை மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். வேன்களைக் கவனிக்கும் அம்மாவின் மேசை முன்னால் போய் நின்றார்.

"மேடம், குடிக்கிறான்னு ஒரு டிரைவரை வேலையை விட்டு அனுப்பினீங்களே, அவன் என் மச்சான். விஷயத்தை ஊருக்கெல்லாம் சொன்ன பாவி நான்தாங்க. இதை இன்னும் அவன்கிட்டகூடச் சொல்லல. இன்னைக்கு சொல்லிடுவேன். அவன் இப்போ அதைச் சுத்தமா விட்டுட்டான் மேடம். நான் சாட்சி. நானும் குடிச்சுட்டு விட்டவன்தான். பெரிய மனசு பண்ணி அவனைத் திரும்ப எடுத்துக்குங்க."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"விட்டுட்டாரா? அவர் எப்பங்க குடிச்சார்? புகார் வந்த அன்னைக்கே டாக்டர்கிட்ட அனுப்பினோம். இவர் வாழ்க்கையில அதைத் தொட்ட ஆள் மாதிரியே தெரியலைன்னு டாக்டரே சொல்லிட்டார்."



"அப்புறம் ஏன் மேடம் அனுப்பினீங்க?"

"பெத்தவங்க பயம் போகணும் இல்லையா? 'எனக்குக் குடிப்பழக்கம் இல்லை'ன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க, நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுறேன்னு சொன்னேன். நான் எவ்வளவோ கெஞ்சியும் மாட்டேன்னுட்டார்."

"ஏன்?"

"'அது காதுக்குப் போனா, எனக்குத் துணைக்கு வர்றவர் அடுத்த புதன்கிழமை வரமாட்டார் மேடம்'னு சொன்னார்."