வெறும் தண்ணீர்

அந்த ஆன்டிபயாடிக்கை ஓர் ஆளுக்கு ஆயுளில் ஒரு தடவைதான் தருவார்கள். நறுமுகைக்குத் தந்த மாத்திரைகள் தீர்ந்துவிட்டன. காய்ச்சல் மட்டும் இறங்கவே இல்லை.

"எதுலம்மா குடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

"நீங்க சொன்ன மாதிரி வெறும் தண்ணியிலதான் சார். பால்கூடக் குடுக்கல," என்றாள் அம்மா பூவரசி.

"எந்தத் தண்ணி?"

"குழாய்த் தண்ணிதான்."

"அய்யோ, அதுலதான் சத்துக்குன்னு இரும்பும் கால்சியமும் கலந்து விடுறாங்களே! அது மருந்தப் புடிச்சு வச்சுக்கும், ஒடம்புல சேர விடாது."

"நான் பொறந்ததுலேர்ந்து அதுதான சார் வெறும் தண்ணி?"

டாக்டர் பிள்ளையின் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டார்.

"தண்ணி வேணும்மா," என்றாள் நறுமுகை.

பூவரசி டம்ளரைக் குழாயில் பிடித்தாள். இனி எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன?