யாருக்காகப் பேசினீர்கள்?

“நீங்க கேக்காதீங்க, மேடம். இன்னிக்கு ஒரு நாள் துணைத் தலைவர் விசாரணைய நடத்தட்டும். யாரும் உங்களத் தப்பா நினைக்க மாட்டாங்க” என்றான் உதவியாளன் ஓவன்.

அனெட் க்ரௌலி காபியைக் குடித்து முடித்தாள். மினசோட்டா மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்கு வந்தவள். அரசாங்கத்துக்குள் நுழையும் அயல்நாட்டுச் செல்வாக்கை விசாரிக்கும் குழுவுக்குத் தலைவர். இன்னும் சற்று நேரத்தில் அந்தக் குழுவின் முன்னால் வந்து உட்காரப்போகும் சாட்சி, ஆர்வில் ஸ்டென்ஸ்ருட்.

வாஷிங்டனில் அந்தப் பெயர் தெரியாதவர் இல்லை. பல காலம் செனட்டராக இருந்தவர். அனெட்டின் கட்சியில் பெரிய தலை. அவர் பேச எழுந்தால் எதிர்க்கட்சிக்காரர்களும் வெளியே போகாமல் உட்கார்ந்து கேட்பார்கள்.

துறைமுகங்களை அயல்நாட்டு அரசுகள் வாங்கிப் போடாமல் தடுக்க, சென்ற ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அதன் உயிரான பத்தி கடைசி நேரத்தில் நீக்கப்பட்டுவிட்டது. ஓய்வு பெற்றிருந்த ஸ்டென்ஸ்ருட் இரண்டு கட்சி உறுப்பினர்களோடும் உட்கார்ந்து சாப்பிட்டு, அந்தப் பத்தி இருந்தால் கோதுமை ஏற்றுமதி படுத்துவிடும் என்று தன்மையாக எடுத்துச் சொல்லியிருந்தார். அயல்நாட்டுத் தூதர் வந்து கேட்டிருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். கேட்டவர் ஸ்டென்ஸ்ருட் என்பதால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அவர் யாருடைய சம்பளத்தில் அதைச் சொன்னார் என்பது இப்போதுதான் குழுவுக்குத் தெரியவந்திருந்தது.

கதவைத் தட்டாமலேயே கட்சிக் கொறடா டஃபி உள்ளே வந்தார். தேர்தல் நெருங்கிவிட்டது, சபையில் பெரும்பான்மையே நூலிழையில்தான் இருக்கிறது, விசாரணையைத் தேர்தலுக்குப் பிறகு வைத்துக்கொண்டால் குடி முழுகிப்போகாது என்று முதலில் நயமாகச் சொன்னார். அவள் அசையவில்லை என்றதும் குரல் மாறியது.

“அவர் கையப் புடிச்சுக்கிட்டுத்தானே நீ இந்தக் கட்டடத்துக்குள்ளயே வந்த?”

“ஆமா” என்றாள் அனெட். “அதனாலதான் நானே கேக்கணும். வேற யார் கேட்டாலும், நான் ஒளிஞ்சுக்கிட்டேன்னுதான் அர்த்தம்.”

டஃபி கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

விசாரணைக் கூடத்தில் நிற்கக்கூட இடமில்லை. ஸ்டென்ஸ்ருட் எழுந்து வலது கையை உயர்த்தி, உண்மையே பேசுவதாக உறுதி சொன்னார். வயது எண்பதை நெருங்கியும் முதுகு வளையவில்லை. அனெட் சுற்றி வளைக்கவில்லை.

“செனட்டர், அந்தப் பத்திய எடுக்கச் சொல்லி உறுப்பினர்கள்கிட்ட பேசினீங்க. அப்ப யாருக்காகப் பேசினீங்க?”

பக்கத்திலிருந்த வக்கீல் சட்டென்று மைக்கைக் கையால் மூடி, பதில் சொல்லாமலிருக்க அவருக்கு உரிமை உண்டு என்று காதில் ஓதினார். ஸ்டென்ஸ்ருட் அனெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வக்கீலின் கையை மெதுவாக விலக்கினார். தனக்குச் சம்பளம் கொடுத்த நாட்டின் பெயரைச் சொன்னார். கூடத்தில் சலசலப்பு எழுந்தது.

“அத அந்த உறுப்பினர்கள்கிட்ட சொன்னீங்களா?” என்றாள் அனெட்.

“சொல்லல.”

அடுத்துக் கேள்வி கேட்கும் முறை, குழுவிலிருந்த எதிர்க்கட்சி உறுப்பினர் எஸ்கபீடோவுடையது. போன வாரம்தான் தொலைக்காட்சியில் அனெட்டை வாய்க்கு வந்தபடி ஏசியவர். ஸ்டென்ஸ்ருட்டைக் கிழித்துத் தொங்கவிட்டுத் தேர்தலுக்கு லாபம் பார்ப்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, “எனக்கான நேரத்தத் தலைவருக்கே கொடுக்கறேன்” என்றார். “இதுல எங்க கட்சி, உங்க கட்சின்னு எதுவும் இல்ல. என் பக்கத்து ஆளுங்களும் அவரோட உக்காந்து சாப்பிட்டவங்கதான்.”

அனெட் அவருக்குத் தலையசைத்து நன்றி சொன்னாள். சாட்சியின் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு, செனட்டர்?”

அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“பதவி போனப்புறம் இந்த ஊர்ல ஒருத்தரும் என்னத் தேடி வரல, மேடம். அவங்க வந்தாங்க. மரியாதையா பேசினாங்க. கேட்டதும் பெருசா தெரியல, ஒரு பத்தி அவ்வளவுதான். தப்புன்னு புரிஞ்சப்ப, வெளிய சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. நாளைக்கு உங்க எல்லாரையும் இப்படித்தான் தேடி வருவாங்க. கவனமா இருங்க.”

அனெட் முறைப்படி சாட்சிக்கு நன்றி சொன்னாள். குரல் பிசகவில்லை. மேசைக்கு அடியில் அவள் கையிலிருந்த காகிதம் கசங்கிக் கிடந்ததை ஓவன் மட்டும் பார்த்தான்.

சாட்சியம் முடிந்த கையோடு, நீக்கிய பத்தியை மீண்டும் சேர்க்கப் பரிந்துரைக்கும் தீர்மானம் வந்தது. இரு பக்கமும் ஒரு கைகூடக் கீழே இல்லை. போகலாம் என்று வக்கீல் எவ்வளவோ சொல்லியும், ஸ்டென்ஸ்ருட் கடைசி வரிசையில் உட்கார்ந்து, உயர்ந்த கைகளைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

வெளியே கேமராக்கள் அவரைச் சூழ்ந்துகொண்டன. முண்டியடித்து முன்னால் வந்த நிருபர் ஒருத்தி மைக்கை நீட்டினாள்.

“ஆயுசு பூரா சேத்த பேரு, சார். எல்லாரும் பாக்க அனெட் மேடமே அதக் கெடுத்துட்டாங்க. அவங்க மேல உங்களுக்குக் கோபமே இல்லையா?”

ஸ்டென்ஸ்ருட் நின்றார். அத்தனை நேரமும் இறுகிக் கிடந்த முகம் முதல் முறையாக மலர்ந்தது.

“என் பேரக் கெடுத்துக்கிட்டது நான்தாம்மா” என்றார். “அதக் காப்பாத்தினவ நான் பெத்த பொண்ணு.”