எதிர்ப்பக்கத்து வக்கீல்

சன்னல் வெயில் அரசுத் தலைமை வழக்கறிஞரின் கறுப்பு அங்கியில் விழுகிறது. கூண்டில் நிற்கும் மகனைப் பார்த்தபடி தாய் அமர்ந்திருக்கிறாள். மகனுக்கு எதிராக இவ்வளவு பெரிய ஆளே வந்துவிட்டாரே என்று காலையிலிருந்து அவரை மனதுக்குள் கரித்துக்கொட்டிக்கொண்டிருக்கிறாள். அவர் எழுந்து, தனக்கு முன்னே அந்தப் பதவியில் இருந்தவர்களின் படங்கள் தொங்கும் சுவரை ஒருமுறை பார்க்கிறார். "ஐயா, கீழ்க்கோர்ட்டு இவருக்குக் குடுத்த தண்டனைக்காக என்னால வாதாட முடியாது. இவர் குத்தம் செய்யலைன்னு காட்டுற சாட்சியை மறைச்சது எங்க தரப்புதான்." "இவரும் நம்ம வக்கீலாங்க?" என்று அவள் பக்கத்திலிருக்கும் தன் வக்கீலிடம் கிசுகிசுக்கிறாள். "இல்லம்மா, அரசாங்கத்தோட வக்கீல். அரசாங்கம் தப்பு பண்ணா அதைச் சொல்றதும் அவர் வேலைதான்." மகனை விடுவிக்கச் சொல்கிறார் நீதிபதி. வழக்குக் காகிதக் கட்டுகளை அள்ளிக்கொண்டு தலைமை வழக்கறிஞர் அவளைக் கடக்கிறார். அங்கியின் நுனி பெஞ்சு ஆணியில் மாட்டிக்கொள்கிறது. அவருக்கே தெரியாதபடி, அவள் அதை மெல்ல எடுத்து விடுகிறாள்.