மூடி திறக்கும் சத்தம்

சயாஜிராவ் சாலையில் மாடியிலிருக்கும் தோல் டாக்டரின் அறைக்குள் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. மடியிலிருக்கும் பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி சொர்ணலதா உட்கார்ந்திருக்கிறாள். திரைக்குப் பின்னால் பெல்ட் மாட்டும் ஓசை கேட்கிறது. அவள் கணவன் உதயகுமார் வெளியே வந்து, அவளைப் பார்க்காமல் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்காருகிறான். ஒவ்வொரு முறை சேர்ந்த பிறகும் அவனுக்கு ஆணுறுப்பில் எரிச்சலும் அரிப்பும். எட்டு மாதமாக விட்டபாடில்லை. அதற்கும் முன்பிருந்தே, அவன் எழுந்து போனதும் குளியலறையில் மருந்து பாட்டிலின் மூடி திறக்கும் சத்தத்தை அவள் படுத்தபடி கேட்டு வருகிறாள்.

“எதால கழுவுறீங்க?” டாக்டரின் தமிழில் கன்னடம் இழைகிறது.

“புண்ணு கழுவுற மருந்துங்க சார். தண்ணி கலக்காம. சேர்றதுக்கு முன்னாடியும் பின்னாடியும்.” அவன் விரல் மேஜை விளிம்பைத் தேய்க்கிறது. “ஆஸ்பத்திரியில வார்டு தொடைக்கிறவனுங்க நானு. எங்கிட்டயிருந்து இவளுக்கு எதுவும் ஒட்டிரக்கூடாதில்லீங்களா.”

“அந்த மருந்துதான் தோலைப் பொசுக்குது. இன்னைக்கே நிறுத்துங்க. வெறும் தண்ணி போதும்.”

மின்விசிறி சுற்றுகிறது. கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போகிறது. சொர்ணலதா பையின் ஜிப்பைத் திறக்கிறாள். டாக்டரிடம் காட்டி நியாயம் கேட்பதற்கென்று எடுத்து வந்த அந்த பாட்டிலை மெதுவாக மேஜைமேல் வைக்கிறாள்.

“நான் அழுக்குன்னு கழுவுறீங்கன்னு நெனச்சேனுங்க,” என்கிறாள் கணவனிடம்.