பதினேழாம் பக்கத்து நீலம்

அந்த ஸ்வரம் நீலமாக இருந்தது.

எறும்புச் சாரை போல ஊர்ந்துகொண்டிருந்த நூற்றுக்கணக்கான கறுப்பு ஸ்வரங்களுக்கு மேலே, பதினேழாம் பக்கத்தின் உச்சியில், அது ஒன்று மட்டும்.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். நீலமேதான்.

பக்கத்து அறையில் துணி துவைக்கும் இயந்திரம் ஒரே சுதியில் முனகிக்கொண்டிருந்தது. திரைச்சீலை வழியாகக் கசிந்த மதிய வெயிலில் கணினி ஒரு மீன்தொட்டி போல மிதந்தது.

நாளை மாலை கச்சேரி. வருடந்தோறும் பாடும் அதே பாட்டில் ஒரே ஒரு சொல்லைக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார் கண்டக்டரம்மா. சேர்ந்திசைக் குழுவைக் கையசைத்து நடத்துகிறவருக்குக் குழுவே வைத்த பெயர் அது. தாமதமாக வருகிறவர்களிடம் அவரும் சளைக்காமல், டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்பார். ஆனால் ஒரு வரிகூடப் பாடிக் காட்டமாட்டார். குரல் எப்போதோ போய்விட்டது, கை மட்டும்தான் மிச்சம் என்பார்.

குழுவின் இசைத்தாள்களைக் கணினியில் வைத்திருப்பவள் அவள். மேல் வரிசையில் பாடும் மற்ற நான்கு பெண்களும், மூச்சு விடும் இடம், நிறுத்தும் இடமெல்லாம் குறித்துவைத்திருந்த தங்கள் பிரதிகளை அனுப்பியிருந்தார்கள். சொல்லைத் திருத்தி அச்செடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதலில் திறந்தது ஓரகத்தியின் பிரதி. அதில்தான் நீலம்.

குரலுக்கு எட்டாத உயரத்தில் எழுதினால் ஸ்வரம் தானாகச் சிவப்பாகும் என்றது மென்பொருளின் உதவிப் பக்கம். அந்த எச்சரிக்கையை நிறுத்திப் பார்த்தாள். மூடித் திறந்தாள். கணினியையே அணைத்துப் போட்டாள். நீலம் அசைந்துகொடுக்கவில்லை.

அடுத்த பிரதி. அதே பக்கம், அதே ஸ்வரம். பச்சை.

அதற்கடுத்தது சாம்பல்.

நான்காவதைத் திறக்காமல் அவள் கையை எடுத்துவிட்டாள்.

ஏனென்றால் அவளுடைய பிரதியிலும் அந்த ஸ்வரத்துக்கு ஒரு நிறம் உண்டு. உற்றுப் பார்த்தாலொழியத் தெரியாத வெளிர் மஞ்சள். அவளே பூசியது. மூன்று வருடங்களாக அந்த உயரம் அவள் தொண்டைக்கு எட்டுவதில்லை. அந்த இடம் வந்ததும் வாயை அகலத் திறப்பாள். சத்தம் மட்டும் இருக்காது. பொய் கண்ணில் தெரிந்துவிடும் என்று கண்ணை மூடிக்கொள்வாள்.

எல்லாப் பிரதிகளும் அவளுடைய கோப்பிலிருந்து போனவைதான். மஞ்சள் எப்படியோ ஒட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நிறமாக விடிந்திருக்கிறதா?

இது என்ன என்று ஒருத்தி கேட்டால் போதும், குட்டு உடைந்துவிடும். வரிசையிலிருந்து இறங்க வேண்டியதுதான். வாரத்தில் சனிக்கிழமை ஒத்திகையின் அந்த இரண்டு மணி நேரம்தான், யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்காமல் அவள் சும்மா நிற்கும் நேரம்.

ஓரகத்தியைத் தொலைபேசியில் அழைத்தாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டாள்.

“அக்கா, உங்க காப்பியில பதினேழாம் பக்கத்துல ஒண்ணு மட்டும் நீலமா இருக்கு. கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு போல. கறுப்பாக்கிடட்டுமா?”

“ஐயையோ, தொட்டுத் தொலைக்காதடி! கோளாறெல்லாம் இல்ல, நான் வச்ச அடையாளம் அது. அந்த இடத்துல நான் வாய மட்டும் தொறந்துட்டு நிப்பேன், யார்கிட்டயும் உளறி வைக்காத. நீதான் பக்கத்துல நின்னு கணீர்னு இழுத்துடறியே, எனக்கென்ன கவலை?”

அவளோ மூன்று வருடங்களாக, கணீரென்று இழுப்பது ஓரகத்திதான் என்று நினைத்து, ராத்திரி படுக்கையில்கூடப் பொருமியிருக்கிறாள்.

போனை வைத்துவிட்டுச் சாம்பல் ஸ்வரத்தைப் பெரிதாக்கினாள். அதன் காலடியில், கடுகளவு எழுத்தில், ‘சும்மா’ என்று இருந்தது.

மிச்சமிருந்த ஒரு பிரதியைத் திறக்கும்போதே தெரியும். ரோஜா நிறம்.

நீலம், பச்சை, சாம்பல், ரோஜா. அவளுடைய மஞ்சள். மேல் வரிசை முடிந்துவிட்டது.

ஆனால் கச்சேரி முடிந்து வெளியே வருகிறவர்கள் அந்த ஒரு ஸ்வரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். போன வருடம் அவள் கணவனே, பல் வலித்தாலும் அழாதவன், கர்ச்சீப்பைத் தேடினான்.

போன வருடத்து வீடியோ கணினியில் இருந்தது. கூடத்தின் கடைசி வரிசையிலிருந்து எடுத்தது. இதுவரை அவள் அதைப் பார்த்ததில்லை. தன் வாயைத் தானே பார்க்கத் தைரியமில்லை.

பக்கத்து அறையில் இயந்திரம் சுற்றி முடித்து ஓய்ந்தது.

பதினேழாம் பக்கம் வந்தது. தூரத்தில் மேல் வரிசையில் ஐந்து பெண்கள். ஐந்து வாய்களும் திறந்திருந்தன. ஐந்து பேரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

ஸ்வரம் எழுந்தது. துளி நடுக்கமில்லாமல், மெல்லிய கம்பி போல, கூரையைத் தொட்டு நின்றது.

அவள் பின்னுக்குத் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். இந்த முறை ஐவரையும் பார்க்கவில்லை.

கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்றிருந்தார் கண்டக்டரம்மா. கைகள் அந்தரத்தில் அசையாமல் இருந்தன. ஸ்வரம் எழுவதற்கு ஒரு கணம் முன்னால், அவருடைய தோள்கள் இரண்டும், மூச்சை உள்ளே இழுக்கிறவரைப் போல, மெல்ல உயர்ந்தன.